விளக்கு மார்க் கத்தி

றக்வான கடைத்தெருவில் நுஹ்மான் முதலாளியின் கடைக்கு நல்ல பெயர். அரிசியில் கல் இருக்காது, கருவாட்டில் புழு இருக்காது, தராசு ஒரு பக்கம் சாயாது. இதையெல்லாம் அவரே வருகிறவர் போகிறவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அதுதான் கொஞ்சம் தாங்காது. மற்றபடி நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரையும் பிடித்துக் காட்ட எனக்கு வழியில்லை. ஒருவர் இருந்திருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த வருஷம் தேயிலை விலை படுத்துவிட்டது. கல்லுமலைத் தோட்டத்துத் துரை கொடுத்துவந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தார். முதலில் கம்பளி நின்றது. பிறகு வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவில் கொடுத்த பால் நின்றது. கடைசியில் கவ்வாத்துக் கத்தியும் நின்றது. முற்றிப்போன தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் புதுத் தளிர் விடும். அந்த வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். ஆம்பிளை வேலை. அதுவரை தோட்டத்து ஸ்டோரிலிருந்து கத்தி கொடுப்பார்கள், முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்வார்கள். இனி அவனவன் சொந்தக் கத்தி கொண்டுவர வேண்டும், கத்தி இல்லாதவனுக்குப் பேர் இல்லை என்று ஆள் கணக்கெடுக்கும் காலைப் பிரட்டில் சொல்லிவிட்டார்கள். பேர் இல்லை என்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

ஆக, மலை முழுக்கக் கத்தி வாங்க இறங்கி வரப்போகிறது. நுஹ்மான் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் இரண்டு நாள் அலைந்து இரண்டு தினுசுக் கத்தியை மாதிரிக்குக் கொண்டுவந்தார். ஒன்று எருமைத்தலை மார்க். தடித்த இரும்பு, கையில் எடுத்தால் தோள் இறங்கும். பெட்டியிலிருந்து வரும்போது அதற்குக் கூர் இருக்காது. வாங்கியவன்தான் கல்லில் தேய்த்துத் தேய்த்து ஏற்றவேண்டும். மற்றது விளக்கு மார்க். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று வரும். மெல்லிய தகடு, ஏற்றிய கூர், எருமைத்தலையின் விலையில் பாதிகூட இல்லை. எந்தச் சீமையில் செய்தது என்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. கீழ்க் கிராமத்துச் சிங்களக் கொல்லர் ஒருவர், பாஸ் என்று கூப்பிடுவார்கள், பழைய லொறி ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்த கத்தி. கறுப்பாக, கரடுமுரடாக இருந்தது. அதற்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாத தீப்பெட்டியைக்கூடத் தோட்டத்து ஆட்கள் வாங்கமாட்டார்கள் என்பது நுஹ்மானுக்குத் தெரியும். இருந்தாலும் மூன்றையும் கடை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பார்க்கிறவர் மாதிரி ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அரைக்கூலிக்காரன் எருமைத்தலையை எப்படி வாங்குவான் என்று அவருக்கு உண்மையிலேயே கவலை. அந்தக் கவலையை நான் பொய் என்று சொல்லமாட்டேன்.

அவர் தானாக முடிவு செய்திருந்தால்கூடத் தப்பியிருக்கலாம். ஐயாவு கங்காணியைக் கேட்டார். கல்லுமலையில் கவ்வாத்து ஆட்கள் எல்லாரும் ஐயாவு கங்காணியின் ஆட்கள். அவர் சொன்னால் அத்தனை பேரும் அதையே வாங்குவார்கள். கங்காணி கடைக்கு வந்து பாஸின் கத்தியைத் தொடவே இல்லை. பேர் இல்லாததைக் கொண்டுபோய்ச் சாமி முன்னால் எப்படி வைப்பது என்று கேட்டார். மற்ற இரண்டையும் எடுத்துப் பார்த்துவிட்டு,

“நம்ம என்னா முடிவு பண்றது நானா? புடிக்கிறவன் நம்ம இல்ல. சாமி புடிக்கட்டும்” என்றார். முஸ்லிம் கடைக்காரரை மலையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

கவ்வாத்து மலையின் மேல்முனையில், ஒரு சவுக்கு மரத்தடியில், ஒரு கல் நட்டிருந்தது. அதுதான் கவ்வாத்துச்சாமி. கவ்வாத்துத் தொடங்குமுன் எல்லாக் கத்தியையும் அதன் முன்னால் கிடத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, ஒரு கத்தியால் சேவல் அறுப்பார்கள். ஒரே வெட்டில் தலை போனால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அதன்பிறகு கவ்வாத்து முடியும்வரை அந்தக் கத்திகள் சாமியுடைய கத்திகள். வீட்டுக்குத் தூரமான பெண் தொடக்கூடாது. தீட்டு வீட்டில் வைக்கக்கூடாது. பூசை வைத்த கத்தி ஒடிந்துவிட்டால் யாரும் கத்தியைக் குறை சொல்லமாட்டார்கள். கத்திக்காரன் வீட்டில் குற்றம் நடந்திருக்கிறது என்பார்கள். தோட்டம் கொடுத்த பழைய கத்திகள் ஒடியும் சாதி இல்லை. நல்ல இரும்பு இருந்தவரை இந்த நம்பிக்கையால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

கங்காணி இரண்டு சேவல் கொண்டுபோனார். நுஹ்மான் தொழுகிற மனிதர், பூசைக்குப் போகமாட்டார். ஆனால் பூசை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள ரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் அல்லவா, நின்றார். எருமைத்தலைக் கத்தியை யாரும் கூர் ஏற்றவில்லை. பெட்டியில் வந்தபடியே ஓங்கினார்கள். முதல் சேவல் பாதிக் கழுத்தோடு துடித்து எழுந்து, படைத்த தேங்காயெல்லாம் இரத்தமாக்கி, இரண்டாம் வெட்டில்தான் அடங்கியது. கூட்டம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்ததாக விளக்கு மார்க். வெட்டியதே தெரியவில்லை. தலை தனியாகக் கல்லடியில் கிடந்தது. கங்காணி கத்தியை உயர்த்திக் காட்டியதும் குலவை எழும்பி ரோடுவரைக்கும் கேட்டது.

சேவல் கழுத்தில் எலும்பு எவ்வளவு, தேயிலை மரத்தில் வைரம் எவ்வளவு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கல்லுமலைத் தேயிலை வெள்ளைக்காரன் முதல்முதல் நட்ட செடி. அடிக்கட்டை ஆளின் கை தடிப்பு இருக்கும்.

கேட்டது ஒரே ஒரு ஆள். நுஹ்மானின் மனைவி றுகையா. கடைக்குப் பின்னால் வீடு. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் இருந்துகொண்டே கடையில் யார் என்ன வாங்குகிறார்கள், எதற்கு வாங்குகிறார்கள் என்று சொல்லக்கூடியவள். மாதிரிக்கு வந்த விளக்கு மார்க்கை அவள் அடுக்களைக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வெட்டிப் பார்த்தாள். கூரில் அரிசி அளவு ஒரு பல் போயிற்று. கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள்.

“இது செரட்டைக்கே தாங்கல்ல. மரத்துக்கு எப்பிடித் தாங்கும்? எருமத்தலயக் கொண்டு வாங்கோ. காசில்லாதவங்க பாஸ்ட கத்திய வாங்கட்டும்” என்றாள்.

கவ்வாத்துக் கத்தியை எடுத்துச் சிரட்டை வெட்டச் சொன்னது யார் என்று அவர் கோபித்துக்கொண்டார். அவர்களுடைய சாமி பிடித்துக் கொடுத்த கத்தி, அவர்களுடைய கைக்கு எட்டும் விலை, வேறு கத்தி கொண்டுவந்தால் யார் வாங்குவது என்று கேட்டார். கேள்வியில் பிழை இல்லை. வேறு கத்தியை ஒருவரும் வாங்கியிருக்கமாட்டார்கள். அவர் விளக்கு மார்க்குக்குச் சொல்லிவிட்டார். பெட்டி பெட்டியாக வந்தது. வந்த வேகத்தில் மலை ஏறியது.

கவ்வாத்துத் தொடங்கிய மறுவாரமே கடைக்குப் பின்வாசலில் ஆள் வரத் தொடங்கினார்கள்.

மம்மல் இருட்டில், மழை தூறும்போது, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒருவன் வருவான். முன்வாசல் திறந்துதான் இருக்கும். ஆனாலும் பின்னால் வந்து இருமுவான். இன்னொரு கத்தி வேண்டும் என்பான். தம்பிக்கு என்பான், வேறு தோட்டத்து மச்சானுக்கு என்பான். வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கங்காணிக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவான். அடுத்த நாள் இன்னொருவன். றுகையா திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். இத்தனை தம்பிமாருக்கும் மச்சான்மாருக்கும் திடீரென்று கத்தி எதற்கு? அவர்களுடைய கத்தி ஒடிந்துபோயிற்று. ஒடிந்ததை வெளியே சொன்னால் உன் வீட்டில் என்ன குற்றம் என்று கேட்பார்கள். அதனால் ஒடிந்த துண்டை மழைத்தண்ணீர் ஓடும் கானில் எறிந்துவிட்டு, மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதவன் மாதிரிப் புதுக் கத்தியோடு போய் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவனும் தன் கத்தி மட்டும்தான் ஒடிந்தது என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தான்.

நுஹ்மானுக்கும் விளங்கியது. ஆனால் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வாங்குகிறவனிடம் காரணம் கேட்பது மரியாதையில்லை என்று சொல்லிக்கொண்டார்.

இருளப்பனுடைய கத்தி மட்டும் எல்லோரும் பார்க்க ஒடிந்தது. நல்ல வேலைக்காரன், அடக்கமான ஆள். கருக்கலிலிருந்தே மழை. தடித்த கட்டை ஒன்றுக்கு அவன் இழுத்து வெட்டினான். கத்தியின் முனை முறிந்து பறந்தது. பக்கத்து வரிசையில் நின்றவன் காத்தான், கங்காணியின் தங்கை மகன். அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தபோது என்ன நடந்தது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. விரல் இடுக்கால் வழிந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா கட்டுப்போட்டு, கொழுந்து லொறியில் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கண்ணைக் காப்பாற்ற ஏலவில்லை. கலியாணம் பேசி முடித்திருந்த பையன்.

அன்று பின்னேரம் ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பெண்கள் வீடு வீடாக வந்து கேட்டார்கள். யார் தூரமாயிருந்தது, யார் கத்தியைத் தொட்டது? இருளப்பனின் பெண்சாதி தங்கம்மா, கையில் பிள்ளையோடு வாசலில் நின்றவள், தான்தான் என்று தானாகவே சொன்னாள். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிய வழியில்லை. ஒரு பையனுக்குக் கண் போன பிறகு எப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பது என்று அவள் நினைத்தாள்.

நடந்தது இவ்வளவுதான். அந்த மூன்று நாட்களும் அவள் முறைப்படி வெளியே இஸ்தோப்பில்தான் படுத்தாள். ஒரே ஒரு அறையும் அதன்முன் இரண்டு முழ இஸ்தோப்பும்தான் லயத்து வீடு. அதிலே சாமிக் கத்திக்கு ஒரு சுத்தமான இடம், தூரமானவளுக்கு ஒரு ஒதுக்கமான இடம், அடுப்புக்கு ஒரு இடம் என்று யார் பிரித்துக் கொடுப்பது? இருளப்பன் கத்தியை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தான். தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை அன்றைக்குத்தான் சுவரைப் பிடித்து எழும்பப் பழகியது. எழும்பிக் கத்தியின் கூரைப் பிடிக்கப்போயிற்று. தங்கம்மா ஓடிப்போய்க் கத்தியைப் பிடுங்கி மேலே பரணில் வைத்தாள். எந்தத் தாய்தான் வைக்கமாட்டாள்?

கங்காணி தீர்ப்புச் சொல்ல அதிகம் யோசிக்கவில்லை. தங்கம்மா லயத்தில் இருந்தால் ஒருவனும் கத்தி பிடிக்கமாட்டேன் என்கிறான், கவ்வாத்து நின்றுபோயிற்று, துரை சத்தம் போடுகிறார். அவள் பலாங்கொடைப் பக்கம் தோட்டத்திலிருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போகட்டும். பால் மறக்காத பிள்ளை, அதை அவளே கொண்டுபோகட்டும். இருளப்பன் இருக்கலாம். அவனும் கூடப் போவதென்றால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டிக் கொடுக்கும் பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு போகவேண்டும், அந்த வருஷம் பற்றுச்சீட்டோடு போனவனை எந்தத் தோட்டமும் சேர்க்கவில்லை. நேரே இந்தியாவுக்கு, மண்டபம் முகாமுக்குத்தான் கப்பல். இருளப்பன் தலையைக் குனிந்துகொண்டான். எத்தனை நாளைக்குப் போவது என்று யாரும் சொல்லவில்லை. திரும்பக் கூப்பிடமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

செய்தி கடைத்தெருவுக்கு வந்ததும் றுகையா திரையை விலக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே வந்துவிட்டாள். தங்கம்மாவை அவளுக்குத் தெரியும். சம்பள ஞாயிறுகளில் கீரைக்கட்டோடு பின்வாசலுக்கு வருவாள். பிள்ளையின் கையில் றுகையா ஒரு துண்டு சீனி மிட்டாய் வைப்பாள். எங்களுக்கும் அந்த நாட்களில் தொழுகை இல்லை, கிதாபைத் தொடுவதில்லை, அதற்காக எங்களை யாரும் வீட்டை விட்டு விரட்டுகிறார்களா என்று கேட்டாள்.

“நீங்க மலைக்குப் போய்ச் செல்லுங்கோ. கத்திலதான் பிழை ஈக்கிதுண்டு செல்லுங்கோ. பின்வாசலால வந்து வாங்கின ஆக்கள் எத்தின பேர்? எல்லார்ட வீட்டுலயுமா குத்தம் நடந்த?”

அவர் தட்டிக்கழிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. பெட்டியில் மிஞ்சிய கத்திகளை நினைத்தா யோசிக்கிறீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்குச் சுட்டுவிட்டது. மறுநாள் விடியவே குடையை எடுத்துக்கொண்டு மலை ஏறினார். அந்தளவுக்கு அவர் மனிதர்தான்.

பிரட்டுக் களத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். நுஹ்மான் கங்காணியை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுச் சொன்னார். இரும்பு மெல்லிசு, என் பிழைதான், எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், எருமைத்தலையைக் கொண்டுவந்து அதே விலைக்குத் தருகிறேன் என்றார். வேறு ஆட்களின் கத்தியும் ஒடிந்திருக்கிறது என்றும் சொன்னார்.

கங்காணியின் முகம் கறுத்தது. சேவலை வெட்டியது அவர் கை. கத்தி கெட்டது என்றால், தங்கை மகனின் கண்ணைப் பிடுங்கியது அவர் பிடித்துக்கொடுத்த கத்தி என்று ஆகிவிடும். அதை எந்த மனிதன் தலையில் ஏற்றிக்கொள்வான்?

“சாமி வாங்குன கத்தி நானா அது. அது கெட்டதுன்னா, சாமி பொய் சொன்னாருன்னு ஆகும்” என்றார். பிறகு களத்தைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். “இந்தா, கடைக்கார நானா சொல்றாரு, வேற ஆளு கத்தியும் ஒடஞ்சிருக்காம். எவன் கத்தி ஒடஞ்சிச்சு? முன்னால வாங்கடா.”

ஒருவரும் வரவில்லை. நுஹ்மான் பார்த்தார். பின்வாசலில் இருமியவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள், புதுக் கத்தி இடுப்பிலிருக்க, கண் தரையிலிருக்க. அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய பெண்சாதிகள் கொழுந்துக் கூடையோடு நின்றார்கள். ஒருத்தி நிறைமாதம்.

“பேரச் சொல்லுங்க நானா. யாரு யாரு வாங்குனான்?”

எல்லாப் பெயரையும் மூச்சு விடாமல் சொல்லியிருந்தால் பழி கத்தி மேல் விழுந்திருக்கலாம். ஒன்றிரண்டு பெயர் சொல்லி நிறுத்தினால் இன்னும் ஒன்றிரண்டு பெண்கள் தெருவுக்கு வருவார்கள். தவிரவும், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையாட்டிக் காசு வாங்கியிருக்கிறார். போன பெருநாளுக்கு யார் எத்தனை கெஜம் சீத்தைத் துணி வாங்கினார்கள் என்று மனப்பாடமாகச் சொல்லும் நுஹ்மான் முதலாளி, குடையைக் கையிலே திருப்பிக்கொண்டு, தனக்கு ஞாபகமில்லை என்றார்.

அதோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து றுகையாவிடம் சொன்னார். அவள் சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அவர் சாப்பிடவில்லை.

பெல்மதுளைக்குப் போகும் காலை பஸ் நுஹ்மானின் கடைக்கு எதிரேதான் நிற்கும். அதில் போய், அங்கே பலாங்கொடை பஸ்ஸுக்கு மாறவேண்டும். தங்கம்மா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு துணி மூட்டையோடு தனியாக இறங்கி வந்தாள். இருளப்பன் வரவில்லை, வந்தால் ஒரு பேர் போகும். கடைத் தாழ்வாரத்துக்குள்கூட அவள் வரவில்லை, மழையில் ஓரமாக நின்றாள். றுகையா பக்கத்து ஒழுங்கையின் முனைவரை போய், எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்முற்றத்துக்கு வந்தாள். உள்ளே வா என்றதற்கு மாட்டேன் என்றாள். பிள்ளையை ஒரு சாக்கின் மேல் இறக்கிவிட்டு, மூட்டைப் பக்கத்தில் நின்றாள். ஊற்றிக் கொடுத்த தேநீரைக் கையில் வாங்கவில்லை, கீழே வைக்கச் சொன்னாள்.

அவளைப் போகாமல் நிறுத்த ஏலாது என்று றுகையாவுக்குத் தெரியும். ஆனால் இந்தப் பாவத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாமே. தன் மேல் குற்றமில்லை என்று தெரிந்துகொண்டாவது போகட்டும், பிள்ளையை ஒழுங்காக வளர்க்கட்டும் என்று நினைத்தாள். கத்திதான் மோசம், உன் கையில் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள்.

“ஒங்களுக்கு நல்ல மனசுக்கா. அதான் அப்பிடிச் சொல்றீங்க” என்றாள் தங்கம்மா.

றுகையாவுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து ஒரு விளக்கு மார்க்கை எடுத்துவந்து, எண்ணெய்க் காகிதத்தை அவள் கண்முன்னே பிரித்தாள்.

“இங்க பாரு புள்ள. இது சாமிக்கு முன்னால வெச்ச கத்தி இல்ல. ஒருத்தரும் தொடாத கத்தி. இப்பதான் பொட்டியால வருகுது.”

முற்றத்தில் விறகு பிளக்கும் பலாக்கட்டை கிடந்தது. றுகையா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஓங்கிக் கட்டையில் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி போட்டாள். மூன்று நாட்களாக அடக்கிவைத்த ஆத்திரமெல்லாம் கைக்கு வந்தது. அடுத்த வெட்டில் கத்தி பாதியில் முறிந்தது. முறிந்த துண்டு விர்ரென்று பறந்து, சாக்கில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தலைக்கு மேலால் போய்க் கோழிக்கூட்டுத் தகரத்தில் அடித்து விழுந்தது. பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

“பாத்தியா?” றுகையாவுக்கு மூச்சு வாங்கியது. “இப்ப எந்தத் தீட்டு ஒடச்ச? பாத்தியா?”

தங்கம்மா கத்தியைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கி, முடியை விலக்கித் தலையைப் பார்த்தாள், காதுக்குப் பின்னால் பார்த்தாள், கண் இரண்டையும் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. பிள்ளையை மெதுவாகத் திரும்பச் சாக்கில் வைத்தாள். வைத்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

“நான் தொடக்கூட இல்லக்கா. பக்கத்துல நின்னேன். நின்னதுக்கே ஒடஞ்சிருச்சு” என்றாள். பிள்ளையைக் கண்ணால் காட்டி, “அன்னைக்குக் காத்தானுக்கு வந்துச்சு. இன்னைக்கு இவனத் தேடி வருது” என்றாள்.

றுகையாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் பேசினாள், பேசினாள். இரும்பைப் பற்றிச் சொன்னாள், விலையைப் பற்றிச் சொன்னாள், சிரட்டையைச் சொன்னாள். பின்வாசலில் வந்தவர்களின் பெயரை எல்லாம், கணவன் களத்தில் சொல்லாமல் விழுங்கிய பெயர்களை எல்லாம், ஒன்று விடாமல் சொன்னாள். அவர்கள் எல்லோருடைய கத்தியும் ஒடிந்ததுதான் என்றாள். தங்கம்மா கவனமாகக் கேட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் அவள் முகம் இன்னும் வெளிறியது.

“எல்லாம் எங்க லயத்து ஆளுங்கதான். அவங்க பொம்பளைங்களோட ஒரே பீலியிலதான் நானும் தண்ணி புடிச்சேன்” என்றாள்.

முன்பக்கம் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். தங்கம்மா மூட்டையை எடுத்துக்கொண்டாள். பிள்ளை அவளைப் பார்த்துக் கையைத் தூக்கியது. அவள் குனியவில்லை.

“அவங்கப்பாவுக்கு ஆளு அனுப்புங்க, சாயங்காலம் வருவாரு. குடுத்துருங்கக்கா. அவரு அக்கா பாத்துக்குவா. எங்கிட்ட இருந்தா இவன் தங்கமாட்டான்.”

சொல்லிவிட்டு நடந்தாள். றுகையா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். கடைத்தெருவில் ஒருநாளும் கால் வைக்காதவள், முக்காடு விழுந்தது தெரியாமல், ஆம்பிளைகள் பார்த்து நிற்க, சேற்றில் ஓடினாள். கடை மேசையிலிருந்து நுஹ்மான் எழும்பி நின்றார். தங்கம்மா பஸ்ஸில் ஏறி ஓரத்து ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டாள். றுகையா பிள்ளையை உயர்த்தி ஜன்னலுக்குள் நீட்டினாள். வாங்கு, உன் பிள்ளையை வாங்கு என்று அழுதாள்.

பிள்ளை இரண்டு கையையும் அம்மாவிடம் நீட்டியது. தங்கம்மா தன் கைகள் இரண்டையும் முந்தானைக்குள் சுற்றி மடியில் அமுக்கிக்கொண்டு, பஸ் புறப்படும்வரைக்கும் அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தாள்.